எட்டுக் கண்ணி

மார்த்தாண்டம் மேம்பாலத்தின் கைப்பிடிச்சுவர்
ஒரு செவ்வாய்க்கிழமை
நடுவில் இடுப்பொடிந்து நின்றது.
இடது கண்ணைத் திறந்தால் நேரானது.
வலதில் மட்டும் ஒடிந்தது.

விளவங்கோடு தாலுகாவில் முப்பத்தொரு வருடம்
கோணல் வேலிகளை அளந்து
தாளில் இறக்கியவன் நான்.
கோடு தன்பாட்டில் வளையுமென்று
எந்த அளவுப் புத்தகத்திலும் இல்லை.

நாகர்கோவிலில் டாக்டர் ஷைனி சொன்னார்:
"வலதில் கசிவு. ஊசி போடணும்.
முதலில் மாதாமாதம், பிறகு பார்த்துப் பார்த்து.
போனதெல்லாம் திரும்பும்னு சொல்லமாட்டேன்.
இருக்கிறதைப் பிடிச்சு நிறுத்தப் பார்க்கலாம்."
"கண்ணுக்க உள்ளயா ஊசி?"
கேட்டது நானில்லை,
கூட வந்த தாசையன்.
எனக்குச் சங்கிலி பிடித்தவன்.

இடது வறண்ட வகையாம். நடுத்தரம்.
அதற்குக் குளிகை.
பலன் உண்டா என்றேன்.
உங்களைப் போன்றவர்களில்
தின்னாத நூறு பேரில்
ஐந்து வருடத்தில் முற்றியது இருபத்தெட்டுக்கு,
தின்ற நூறில் இருபதுக்கு என்றார்.

எட்டு.

சங்கிலிக்கு நூறு கண்ணி.
எட்டுக் கண்ணி அகலத்துக்காக
மேல்புறத்தில் இரண்டு வீட்டார்
குழித்துறை கோர்ட்டில் பத்தொன்பது வருடம்
ஏறி இறங்கினார்கள்.
ஒரு அயனிப்பலா, ஒரு கிணற்றுவழி,
பேசி முடித்த ஒரு கல்யாணம்
அதற்குள் போயின.
எட்டைச் சின்னது என்று யாரும்
என்னிடம் சொல்லக்கூடாது.

"அந்த எட்டில் நான் உண்டா?"
"அது யாருக்கும் தெரியாது."
ஒரு வரைபடத்திலும்
நான் எழுதத் துணியாத வாக்கியம்.
அவர் எழுதினார், கையெழுத்தும் போட்டார்.

தாசையன் கைநீட்டினான்:
"எனக்கும் ரெண்டு தாருங்கம்மா, முன்னாலயே தின்னு வைக்கலாம்."
நல்ல கண்ணுக்கு அது வேலியாகாது என்றார்.
சாளையும் முருங்கைக்கீரையும் தின்றவர்களிடம்
நோய் குறைவாகத்தான் கண்டிருக்கிறார்கள்,
ஆனால் காரணம் மீன்தானா, கீரைதானா,
அது இன்னும் தீராத வழக்கு.
"பீடி உண்டா?"
தாசையன் மேலே மின்விசிறியைப் பார்த்தான்.

இப்போது குளிர்பெட்டிக் கதவில்
டாக்டர் தந்த கட்டத்தாள்.
காலையில் ஒவ்வொரு கண்ணாய்ப் பொத்தி
நடுப்புள்ளியைப் பார்க்கவேண்டும்.
இடதில் ஒரு கோடு நெளிந்தாலும்
அன்றைக்கே பஸ் ஏறவேண்டும்.

மூன்றாம் ஊசி முடிந்து
வடசேரி பஸ் நிலையத்தில் நிற்கிறோம்.
வலது கண்ணால் நேரே பார்த்தால்
தாசையனுக்கு முகமில்லை, ஒரு கலங்கல்.
காதைப் பார்த்தால் மூக்கு வருகிறது.
ஓரம் எப்போதும்போல் துல்லியம்:
சட்டைப்பைக்குள் நுழைகிறது ஒரு கை,
மெதுவாக,
எனக்குத் தெரியாதென்று நம்பி.

"லே தாசையா" என்றேன்,
அவன் காதைப் பார்த்து.