கேட்டுச் சொல்லவும்

முதலில் தட்டச்சில் இருந்தது:
'நடுவர் ப்ரைன் கணக்கைக் கேட்டுச் சொல்லவும்.'
பிறகு நீல மையில்
நீதிபதி ஹாஸ்கெல் தானே ஒரு கோடிழுத்து
'கேட்டுத் தீர்க்கவும்' என்றாக்கியிருக்கிறார்.
ஓரத்தில் சுருக்கொப்பம்.

ஆல்பனி. மேல்முறையீட்டு மன்றத்தின்
மூன்றாம் மாடியில் நான், எழுத்தர்,
ஆயிரத்து நூறு பக்கங்களோடு.
வ்ரோமன் அண்ணன் தங்கை.
ஒரு மேப்பிள் தோப்பு,
பாகு காய்ச்சும் கொட்டகை,
பதினோரு வருடம் பிரிக்காத லாபம்.

ப்ரைன் முழங்கால் பனியில் நடந்து போய்
வாளிகளை எண்ணியிருக்கிறார்:
அறுநூற்றுப் பன்னிரண்டு.
யாரும் சொல்லாமலே நானும் கூட்டிப் பார்த்தேன்.
தங்கைக்குச் சேரவேண்டியதில்
ஒரு சென்ட் பிசகவில்லை.

எங்கள் ஐந்து நீதிபதிகள் அதற்குள் போகவே இல்லை.
அவர்கள் கேட்டது ஒன்றுதான்:
நடுவர் தீர்க்கலாமென்று
இரு தரப்பும் எப்போது ஒப்புக்கொண்டது?
கேரட் வ்ரோமன் நாற்பத்து மூன்று அமர்வும் வந்திருக்கிறான்,
தொப்பியை மடியில் வைத்து,
வாயே திறக்காமல்.
மௌனம் சம்மதம் என்பதெல்லாம்
பெண் பார்க்கும் வீட்டோடு சரி.

ரத்து.
ப்ரைனின் தீர்ப்பு இனி அறிக்கை மட்டும்.
அதைப் படித்து ஹாஸ்கெலே தீர்க்கட்டும்.

மறுநாள் ஒட்டிலி வ்ரோமன் தொலைபேசியில்:
"எண்ணிக்கை தப்பா?"

பதில் எனக்குத் தெரியும்.
சொல்லும் அதிகாரம் இல்லை.
"உங்கள் வக்கீலைக் கேளுங்கள், அம்மா."

"கேட்டாச்சு" என்றாள்.
பின்னால் ஏதோ தகரத்தில் சொட்டியது.
"சாறு இறங்குது, போகணும்."
வைத்துவிட்டாள்.