அரைச் சுருதி கூட

முதல் கசற்றில் அவர்களுக்கு இருபது வயது.
பம்பலப்பிட்டியில் நிஹாலின் றெக்கோடிங் பார்:
வெற்றுக் கசற்றும் முப்பது ரூபாயும் குடுத்தால்
வியாழக்கிழமை வரச் சொல்லுவான்.
அட்டைப்படம் நாங்கள் கண்டதில்லை.
அவனுடைய சாய்ந்த நீல எழுத்தில்
பாட்டுகளின் பெயர்கள், பாதி பிழை.
குழுவின் பெயரையும் பிழையாய்த்தான் எழுதினான்;
இன்றுவரை எனக்கு அதுதான் பெயர்.

டிக் டிக்கென்று மெசின் மேளம்,
ஐஸ்கட்டி மாதிரி ஒரு சிந்தசைசர்,
அதற்கு மேலே தொண்டை முற்றாத ஒரு பொடியன்
நாளைக்கு உலகம் முடியப்போகிற அவசரத்தில்.
ஜெரோம் தகப்பனின் றெயில்வே கோட்டை மாட்டிக்கொண்டு
சித்திரை வெயிலில் காலி வீதி நெடுக நடந்தான்.
காய்ச்சலோ தம்பி என்று கேட்டார்
மரக்கறிக் கடைக்காரர்.

இரண்டாவது வந்தது எண்பத்துமூன்று வைகாசி.
இப்போது ஆறுதலாகத் தொடங்கப் பழகியிருந்தார்கள்,
முதல் நிமிசம் வெறும் பேஸ் கிற்றார்,
யாரோ மாடிப்படி ஏறி வருகிற மாதிரி.
ஏ பக்கத்தையே திருப்பித் திருப்பிப் போட்டோம்.
பி பக்கத்தை ஆவணி விடுமுறைக்கென்று வைத்திருந்தேன்.

ஆடியில் வீடு எரிந்தது.
அதைப்பற்றி இங்கே இவ்வளவுதான்.
காங்கேசன்துறைக்குப் போன கப்பலில்
பக்கத்தில் ஒரு பெண் சத்தி எடுத்துக்கொண்டிருந்தாள்,
நான் பி பக்கத்தை நினைத்துக்கொண்டிருந்தேன்.
சொல்ல வெட்கம்தான்.
ஆனால் அதைத்தான் நினைத்தேன்.

எண்பத்தாறில் திரும்பி வர
நிஹால் அதே கதிரையில் இருந்தான்.
என்னைக் கண்டதும் ஒன்றும் கேட்காமல்
மூன்றாவதைப் பதிந்து தந்தான்.
காசு வாங்கவில்லை.

வாடகை அறையில் போட்டுக் கேட்டால்
குரல் இறங்கியிருந்தது.
சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் மூச்சு.
மெசினைக் கழற்றிவிட்டு மேளத்துக்கு ஒரு மனிதனை இருத்தியிருந்தார்கள்,
மயிரிழை பிந்தி அடிக்கிறவன்.
பின்னால் நாலைந்து வயலின்.
“முதிர்ந்திட்டாங்கள்” என்றேன்.
“களைச்சிட்டாங்கள்” என்றான் ஜெரோம்.
வெள்ளவத்தைத் தண்டவாளத்தில் குந்தியிருந்து
களுத்துறை றெயில் வந்து எழுப்பும்வரை சண்டை.
அடுத்த வருடம் கனடாவுக்குப் போனான்,
அந்தக் கோட்டோடு.
அங்கே அது போதவில்லையாம்.

நாலாவதில் பியானோவும் மௌனமும்தான்.
எனக்கு நித்திரை வந்தது.
நாற்பது வயதில் திரும்பக் கேட்டேன்.
வரவில்லை.

போன மாதம் நூற்றைம்பத்தைந்தாம் பஸ்ஸில்
முதல் இசைத்தட்டை ஃபோனில் தேடிப் போட்டேன்.
யாரோ ஒருவன் சாவகாசமாகப் பாடினான்,
கனத்த குரல்.
வேறு ஆளென்று நிறுத்தினேன்.
திரும்பப் போட்டேன். அவனேதான்.

நிஹாலைத் தெஹிவளையில் கண்டுபிடித்தேன்,
ஃபோன் உறை விற்கிறான்.
“ஆ, அந்த டெக்கா? பெல்ட் தளர்ந்து கிடந்தது.
மெதுவாய்ச் சுத்திப் பதியும்,
உங்கட மெசினில் போட்டால் ஓடும்.
எண்பத்துநாலில்தான் மாத்தினேன்.”
பாதித் தமிழ், பாதிச் சிங்களம்,
முழுச் சிரிப்பு.

ஆக, முதல் தட்டிலேயே அவனுக்கு அந்தக் குரல்தான்.
அந்தத் துக்கமும் முதலிலேயே இருந்தது,
எங்களுக்குத்தான் அரைச் சுருதி கூட்டிக் கிடைத்தது.
ஆனாலும் வயலின் பெல்ட் செய்ததில்லை.
பிந்தி அடித்த மேளமும் இல்லை.
எவ்வளவு அவர்கள், எவ்வளவு ரப்பர் என்று
பிரித்துப் பார்த்தேன், கணக்கு வரவில்லை.

ஜெரோம் அழைப்பில் கத்தினான்:
“விசர்க் கதை. அந்தப் பொடியன் அவசரப்பட்டான்.
நான் என்ர காதால கேட்டனான்.”

பி பக்கத்தையும் கேட்டுவிட்டேன்.
ஐந்து பாட்டு. இரண்டு சுமார்.
ஒன்று வெறும் நிரப்பல்.
நாலாவதின் முடிவில் மட்டும்
ஒரே ஒரு வயலின், இருபது விநாடி,
கதவை முழுக்கத் திறக்காமல்
உள்ளே ஆள் இருக்கோ என்று பார்க்கிற மாதிரி.
கொண்டக்டர் மிச்சக் காசை நீட்டிக்கொண்டே நின்றிருக்கிறான்.
என் இறக்கம் கடந்து போயிருந்தது.