பூம்

கிருஷ்ணகிரி ரவுண்டானாவுக்கு மேற்கே
ஜெராக்ஸ், லேமினேஷன், தமிழ் டைப்பிங்.
மொழிபெயர்ப்பென்றால் பக்கத்துக்கு இருநூற்றைம்பது.
அர்த்தம் என் பொறுப்பல்ல என்று
சுவரில் எழுதி ஒட்டாத குறையாக
உட்கார்ந்திருப்பவன் நான்.

தை மாதம் தென்முனை பெட்ரோலியம்
ஒரு கோப்பு அனுப்பியது.
குழாய் வரும் வழி, அகலம், ஆழம்.
நாட்டுக்கு அதனால் என்ன நன்மை என்று
பின்னிணைப்பாகப் பதினோரு பக்கம்.
அதில் காவேரிப்பட்டணத்தை
காவிரிப்பூம்பட்டினம் என்று போட்டிருந்தார்கள்.
அடித்தவன் எந்த ஏசி அறையில் இருந்தானோ,
தென்பெண்ணைக் கரையில் மாங்கூழ் காய்ச்சும் ஊரைத்
தூக்கிக்கொண்டுபோய்க் கடலோரம் வைத்துவிட்டான்.
போன் போட்டுச் சொன்னேன்.
"இருக்கறதை அப்படியே போடுங்க சார்."
போட்டேன்.

வைகாசியில்,
பெங்களூரா ஏற்றிய டிராக்டர்கள்
கூழ் ஆலை வாசலில் இரவெல்லாம் நின்ற வாரம்,
கலெக்டர் ஆபீஸிலிருந்து ஒரு பென் டிரைவ்.
மாநில எரிசக்தி ஆலோசனைக் குழுவின் அறிக்கை.
சுதந்திரமான வல்லுநர்கள் ஏழு பேர்,
ஒன்றரை வருட ஆய்வு.
நால்வர் பெயருக்கு முன்னால் 'முன்னாள்' இருந்தது,
எதன் முன்னாள் என்று இல்லை.
கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குத் தமிழில் வேண்டும்,
திங்கட்கிழமைக்குள்.

மூன்றாம் பக்கத்தில்
விரல் தானாக ஓடத் தொடங்கியது.
அடுத்த சொல் என்னவென்று
கண்ணுக்கு முன்பே கைக்குத் தெரிந்தது.
சூரிய சக்திப் பம்பு முதிர்ச்சியடையாத தொழில்நுட்பம்.
எண்ணெய் ஒரு பாலம்.
பாலத்துக்கு அக்கரையில் என்ன ஊர் என்று
தையிலும் எழுதவில்லை, வைகாசியிலும் இல்லை.
ஒன்பதாம் பக்கத்தில் அலையடித்தது:
காவிரிப்பூம்பட்டினம்.

பழைய கோப்பைத் திறந்து பக்கத்தில் வைத்தேன்.
அதே கமா.
'தேசம்' என்ற சொல்லுக்கு முன் அதே இரட்டை இடைவெளி.
உருவாக்கியவர் என்ற கட்டத்தில்
ஏழு பேரில் ஒருவர் பெயரும் இல்லை;
தென்முனை, இரண்டாம் தளம்.

என்ன செய்தாய் என்பீர்கள்.
தையில் நான் செய்த தமிழை
வெட்டி ஒட்டினேன். இருபது நிமிடம்.
பதினான்கு பக்கத்துக்கும் முழுக் கூலி பில் போட்டேன்.
அவர்களும் அதைத்தானே செய்திருந்தார்கள்,
பக்கத்துக்கு எவ்வளவு என்றுதான் தெரியாது.

கூட்டத்தில் மின்விசிறி மைக்குக்குள் இரைந்தது.
திம்மராயன் எழுந்தார். மூன்று ஏக்கர்,
நாலு வருடமாக வெயிலில் ஓடும் மோட்டார்.
ஒன்பதாம் பக்கத்தில் விரல் வைத்திருந்தார்.
"நம்மூர்ல கடல் எந்தப் பக்கம்ங்க?
தெரிஞ்சா பசங்களைக் கூட்டிட்டுப் போவேன்."
எல்லோரும் சிரித்தார்கள்.
கூடுதலாகச் சிரித்தது மேடைதான்.
"எழுத்துப்பிழை. திருத்திடலாம்" என்றார் அதிகாரி.
"அப்ப என் மோட்டார் இன்னும் முதிரலைன்னு
போட்டிருக்கே, அது என்ன பிழைங்க?"
மைக் அடுத்தவர் கைக்குப் போயிருந்தது.

புதன்கிழமை திருத்தம் வந்தது.
பதினான்கு பக்கத்தில் ஒரே இடம்.
'பூம்' எடுத்தேன்.
மிச்சத்தை ஊர் வழக்குக்கு மாற்றினேன்.
பாலம் அப்படியே இருந்தது.
குழாய் திம்மராயன் நிலத்தின் ஈசானி மூலையை
அப்படியே அறுத்துக்கொண்டு போனது.
பிழையாக இருந்தவரை
பிடித்துக் கேட்க ஒரு நுனி இருந்தது.
இப்போது அறிக்கை சுத்தம்.
சுத்தம் செய்தது நான்.

ஒரு சொல்லை நீக்க என்ன விலை சொல்வது?
ஐம்பது ரூபாய் கொடுத்தனுப்பினார்கள்.
சாயங்காலம் சேலம் ரோட்டு பங்கில்
வண்டியை நிறுத்தி அதையே நீட்டினேன்.
பம்பின் நெற்றியில் தென்முனையின் சின்னம்,
நீல நிறத்தில் ஓர் அலை.

"ஜீரோ பாத்துக்கங்கண்ணா" என்றான் பையன்.
பார்த்தேன்.