தொட்டிக்குள் சொல்லிப் பார்த்தது

விண்ணப்பத்தில் மற்றதெல்லாம் நிரப்பியாயிற்று.
ஆதார், பான், வங்கிக் கணக்கு,
முதலீடு: ஒரு பிரஷர் பம்ப், இரண்டு ஏணி,
முழங்கால்வரை ஏறும் ரப்பர் பூட்ஸ் நான்கு ஜோடி.
'நிறுவனத்தின் பெயர்' என்ற கட்டத்தில் மட்டும்
மூன்று வாரமாக ஒரு கோடு
மினுங்கிக்கொண்டே நிற்கிறது.

ஆறு வருஷம் முதுகில் இன்னொருவர் பெயர்.
ராயல் ஹைஜீன்.
துவைத்துத் துவைத்து அதில் ரா போய்விட்டது,
யலும் பாதி.
சம்பளம் நின்றபோது
பனியனை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு
நானும் நாகவேணியும் வெளியே வந்தோம்.

கடன் கொடுத்த மச்சான்
தன் மகள் பெயரை வைக்கச் சொன்னார்:
ஜெசிந்தா டேங்க் கிளீனிங்.
பத்தாம் வகுப்புப் பிள்ளை,
பள்ளிக்கூடத்தில் என்ன பாடுபடும்
என்று நினைத்தேன், சொல்லவில்லை.
வட்டி கேட்காத மனுஷர் அவர்.

எண்கணிதக்காரரோ
எந்தப் பெயரானாலும் கடைசியில்
ஒரு ஏ கூடுதலாகப் போடுங்கள் என்றார்.
பனியனில் அச்சடிக்க எழுத்துக்கு எட்டு ரூபாய்.
நான்கு பனியன், முன்னும் பின்னும்.
அந்த ஒரு ஏவுக்கு அறுபத்து நான்கு.
கே.ஆர். மார்க்கெட்டில்
அதைவிட மலிவு எலுமிச்சம்பழம்.

நாகவேணி கன்னடத்தில் ஒன்று கொண்டுவந்தாள்:
தொளெ.
கழுவு என்று அர்த்தமாம். சின்னச் சொல், சிக்கனம்.
எனக்கு டீ மூக்கில் ஏறியது.
அடியே, எங்கள் பாஷையில் அது ஓட்டை.
தண்ணீர்த் தொட்டிக்காரர்கள்
ஓட்டை என்று முதுகில் எழுதிக்கொண்டு போனால்
அல்சூரில் ஒரு வீடு கதவு திறக்குமா?

அன்றைக்குக் கம்மனஹள்ளியில்
பதினெட்டு வீட்டுக்கும் ஒரே நிலத்தடித் தொட்டி.
இறைத்து முடித்து நான் உள்ளே,
இடுப்பில் கயிறு, நெற்றியில் விளக்கு.
கயிற்றின் மறுமுனையில் மேலே அவள்.
அடியில் சேறு, ஒரு பாட்டில் மூடி,
யாரோ தேடி அலுத்திருக்கும் ஒற்றைச் சாவி.
சும்மா ஒரு பெயரை உரக்கச் சொன்னேன்.
சுவர் திருப்பிச் சொன்னது.

அப்புறம் விடவில்லை.
அக்வா ஷைன் எண்டர்பிரைசஸ், என்றேன்.
ஸ்ஸ்ஸ் என்றது தொட்டி,
எங்கோ குழாய் கசிகிற மாதிரி.
கங்கா, என்றேன்.
கா... கா...
காக்கா உள்ளே எப்படி வந்தது என்றாள் மேலே.
எங்கள் இருவரையும் சேர்த்துப் பிலோவேணி.
அதற்குப் பதிலே இல்லை.
வெட்கத்தில் நான்தான் மெல்லச் சொல்லியிருப்பேன்.

கடைசி அலசலில்
கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது.
'திளி ஆய்த்தா?' என்று குனிந்து கேட்டாள்.
தெளிந்துவிட்டதா என்றுதான் என் காதில் விழுந்தது.
கீழே பார்த்தேன்,
பூட்ஸின் பழைய கீறல்கூடத் தெரிந்தது.
ஆச்சு, திளி! என்று கத்தினேன்.
தொட்டி முதலெழுத்தைத் தனக்கு வைத்துக்கொண்டு
ளி... ளி... என்று மிச்சத்தைக் கொடுத்தது.
அவளுக்கு அது திளி.
எனக்குத் தெளி.
இன்னொருமுறை கத்தியபோது துளி,
திறந்த மூடி வழியே வெயில் இறங்கியபோது ஒளி.
முன்னால் எதை ஒட்டினாலும்
ஒழுகவில்லை.

கன்னடத்தில் எழுதினாலும் இரண்டே எழுத்து.
நான்கு பனியனுக்கும் நூற்றிருபத்தெட்டு.
பேரம் பேசி நூற்றிருபது.

அடுத்த வாரம் புதுப் பனியனோடு போனோம்.
கேட்டில் அஸ்ஸாம் பையன், தடித்த நோட்டு.
கம்பெனி பெயர்?
திளி.
தில்லியா, அவ்வளவு தூரத்திலிருந்தா
என்று இந்தியில் வியந்து
எழுதியும்விட்டான்.
நாகவேணி திருத்த வாயெடுத்தாள்.
அதற்குள் மூன்றாம் மாடியிலிருந்து ஒரு குரல்
மோட்டாரை அணைக்கட்டுமா என்று கேட்டது.
ஏணியைத் தூக்கிக்கொண்டு நடந்தோம்.
நோட்டில் உள்ளே வந்த நேரம்
ஒன்பது இருபது.
அது சரிதான்.