மூன்றாம் சனிக்கிழமை

ஹார்லிங்கன் நூலகத்தின் பின்னறையில்
மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமை
ஐந்து நாற்காலி போடுவேன்.
பழக்கம்.
ஒன்றில் நான்.
ஒன்றில் கெர்லோஃப், வருவது காப்பிக்கு.
மற்ற மூன்றும் பதினோரு வருடமாய்க் காலி.

முன்பு நாற்பது பேர் வந்ததுண்டு.
அப்போது தபாலில் வட்டுகள் வரும்,
காசு கேட்காத வட்டுகள், பெட்டி பெட்டியாய்.
டிசம்பர்தோறும் விப்ரென் மேசையைத் தட்டி
"அடுத்த வருஷம் நம்ம வருஷம்" என்பான்.
அடுத்த வருஷம் வந்தது.
அதற்கடுத்ததும்.
நூற்றுக்கு ஒருவர் என்ற கணக்கு
ஒன்றே கால் ஆனதற்குக் கேக் வெட்டினோம்.
ஒன்றுக்குக் கீழே இறங்கியபோது
கேக்கைப் பற்றி யாரும் பேசவில்லை.

விப்ரென் க்ரோனிங்கனுக்கு வேலைக்குப் போனான்.
ஆப்பிள் படம் போட்ட மடிக்கணினி வாங்கினான்.
ஒருநாள் அதை மேசைக்கடியில் வைத்தே காட்டினான்,
மதம் மாறியதை அண்ணனிடம் சொல்பவன்போல.
மிச்ச வட்டுகளை என் செர்ரி மரத்தில் கட்டிவிட்டேன்.
பறவைகள் இரண்டு கோடை பயந்தன.
பிறகு வட்டின்மேலேயே உட்கார்ந்து பழம் தின்றன.

இந்த அக்டோபரில்
கதவைத் திறக்குமுன்பே வாசலில் வரிசை.
மழை. கோட்டுக்குள்
பூனைக்குட்டிபோல் அணைத்த பழைய மடிக்கணினிகள்.
"உங்கள் இயந்திரம் கிழடாகிவிட்டது, புதிது வாங்குங்கள்" என்று
திரை முழுக்க வந்ததாம்.
இருபது வருடம் சொல்லிச் சொல்லி என் நாக்குத் தேய்ந்ததை
அந்த ஒரு நீலப் பெட்டி
ஒரு செவ்வாய்க்கிழமையில் செய்து முடித்திருக்கிறது.

என்னிடம் ஒரு சொற்பொழிவு உண்டு.
இலவசம் வேறு, விடுதலை வேறு
என்று தொடங்கும்.
தொண்டையைச் செருமினேன்.
"பிரின்டர் வேலை செய்யுமா?" என்றார் முதல் ஆள்.
செய்யவில்லை.

படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கும் ரிக்ஸ்ட்
கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடுவதை
அடுப்பில் பால் வைத்தவள்போல்
கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"இதை விற்பது யார்?"
யாருமில்லை.
"அப்போ செய்தது?"
ஆயிரக்கணக்கான பேர். பட்டியல் இருக்கிறது, நீளம்.
"கெட்டுப்போனால் நான் யாரைத் திட்டுவது?"

நாற்காலியை யாருக்கோ கொடுத்துவிட்டு
சுவரோரம் நின்றிருந்த கெர்லோஃப்
காப்பிக் கோப்பையாலேயே என்னைக் காட்டினார்.

பத்தொன்பது இயந்திரங்கள்.
பதினேழு எழுந்துகொண்டன.
ஒன்றில் ஒலி இல்லை,
ஒன்றின் சொந்தக்காரர் பாதியில் மனம் மாறிப் போய்விட்டார்.
உலகக் கணக்கில் இது
ஒரு புள்ளியைக்கூட அசைக்காது, தெரியும்.
கேக் வாங்கவில்லை.

இரவு நூலகத்துக்குக் கடிதம் எழுதினேன்:
நவம்பருக்கு இருபது நாற்காலி வேண்டும்.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
இருபதை அழித்துப்
பன்னிரண்டு என்று போட்டேன்.