தொண்ணூறு சென்டிமீட்டர்

புந்தா அரேனாஸ். ஏழு மணிக்கு முன்பே
ஜலசந்திக் காற்று வேலைக்கு வந்துவிட்டது.
ஆட்கள் பற்றி நடக்கத் தெருமுனையில்
கயிறு கட்டுகிற நாட்களும் இங்கே உண்டு.
இன்று அவ்வளவில்லை. முப்பத்தெட்டு கிலோமீட்டர்.
நாற்பதைத் தாண்டியிருந்தால்
வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லியிருப்பேன்.

பழைய கம்பளிக் கிடங்கு. துத்தநாகக் கூரை.
“நாலே மீட்டர், தோன்யா நெலிதா” என்கிறார் குஸ்தோதியோ பர்ரியா.
“பூனைகூட இதை உயரம் என்று சொல்லாது.”
புதிய சேணத்தையும் கொக்கியையும்
நிச்சயதார்த்த மோதிரம்போலத் திருப்பித் திருப்பிக் காட்டுகிறார்.

படிவம் கேட்கிறது:
விழ வாய்ப்பு எவ்வளவு, ஒன்றிலிருந்து ஐந்துக்குள்?
விழுந்தால் விளைவு எவ்வளவு?
பெருக்கு. பச்சையா மஞ்சளா சிவப்பா, தீட்டு.
முப்பது வருடம் விழாதவருக்கு
என்ன எண் போடுவது?
ஒன்று என்று எழுதினேன். அடித்தேன்.

மேலே தவழ்ந்து போனேன்.
தகரங்களுக்கு நடுவே ஒன்று மட்டும்
வெளிச்சத்துக்காகப் போட்ட பிளாஸ்டிக்.
யாரோ அதற்கும் அதே சிவப்பைப் பூசியிருக்கிறார்கள்.
விரல்முட்டியால் தட்டினால்தான் தெரியும்:
தகரம் திட்டும், இது முணுமுணுக்கும்.
சாக்கட்டியால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி.

பிறகு விளிம்பில், அவர் கொக்கி மாட்டும் இடத்தில் உட்கார்ந்து
படிவத்தின் பின்பக்கம் கூட்டினேன்.
கயிறு, ஒன்று புள்ளி எட்டு.
அதிர்வுதாங்கி கிழிந்து நீளும்போது இன்னும் ஒன்று புள்ளி இரண்டு.
சேணம் நெகிழ முப்பது சென்டி.
முதுகு வளையத்திலிருந்து பூட்ஸ் அடிவரை குஸ்தோதியோ
ஒன்று புள்ளி ஆறு.
நாலு தொண்ணூறு.
கூரை நாலு.

கயிறு அறாது. கொக்கி விடாது.
சொன்ன சொல் தவறாமல் எல்லாமே
அவரைத் தாங்கிப் பிடிக்கும்,
தரைக்குக் கீழே
தொண்ணூறு சென்டிமீட்டரில்.

தாளைக் காட்டினேன். காற்று பிடுங்கப் பார்த்தது.
தன் நீளத்தை இன்றுதான் கேள்விப்பட்டவர்போல்
குனிந்து பூட்ஸைப் பார்த்தார்.
“பத்து மீட்டராக இருந்தால்?”
“இதே கயிறு போதும்.”
சிரிக்க ஆரம்பித்தார், முடிக்கவில்லை.

கொக்கி முகட்டுக்குப் போனது. கயிறு குறுகியது.
ஓரத்துக் கடைசித் தகரம் மட்டும் எட்டவில்லை.
ஒரு கைநீளம்.
“அவிழ்த்துவிட்டு நாலு ஆணி, இரண்டே நிமிடம்...”
தூக்குமேடை வண்டி வெள்ளிக்கிழமைதான் வரும்.
நான் கையெழுத்துப் போடவில்லை.

மணல்மூட்டை இரண்டு வைத்தோம். அடங்காது.
என் வீடு மூன்று தெரு தள்ளி.
இன்றிரவு முழுக்க அது
படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும்.
அடிக்கட்டும்.
தகரம்தானே.