சாத்தப்பனின் டிரங்குப் பெட்டி

பள்ளத்தூர் பெரிய வீட்டுக்கு
பதினாலு பங்காளிகளும் ஒருவழியாகக் கையெழுத்துப் போட்ட அன்று
இரண்டு லாரி சாமான் என் கடைக்கு வந்தது.
பெல்ஜியம் கண்ணாடி, எனாமல் கூஜாக்கள்,
பர்மாத் தேக்குத் தூணில் பாதி.
மீதிப் பாதிக்கு இன்னும் வழக்கு நடக்கிறது.
கறுப்பு டிரங்குப் பெட்டி ஒன்றை மட்டும்
எடைக்குப் போட்டுக்கொள் என்றார்கள்.
பதினொன்றரைக் கிலோ.

காரைக்குடியில் இருபத்தாறு வருஷமாகப் பழசு விற்கிறேன்.
பெயின்டுக்கு அடியில் என்ன பெயின்ட் என்று
நகம் வைத்தே சொல்லிவிடுவேன்.
மூடியில் வெள்ளை எழுத்து: கர்னல் சாத்தப்பன்.
மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தால் மேஜர்.
அதற்கும் அடியில் கேப்டன்.
எல்லாவற்றுக்கும் கீழே,
புதுச்சட்டை போட்ட பையன் எழுதியதுபோல் கோணலாக,
செகண்ட் லெப்டினன்ட்.
பெயரைத் தொடவே இல்லை மனிதர்,
முன்பாதியை மட்டும் அழித்து அழித்து எழுதியிருக்கிறார்.
தேசியத் தலைவர் என்று எழுதவும் இடம் இருந்தது.
அதற்குள் பெட்டியை விட்டுவிட்டுப் போய்விட்டார்.

வட்டிக்கணக்கு எழுதிய குடும்பத்தில்
துப்பாக்கி தூக்கிய முதல் ஆள்.
பட்டாளத்துக்குப் போனதிலிருந்து
அப்பச்சி முகம் கொடுத்துப் பேசவில்லையாம்.
ஆனால் கை யாருடைய கை?
பெட்டிக்குள் பாச்சை உருண்டை வாசனையோடு
ஒற்றைக் கம்பளிக் கையுறை,
அதற்கடியில் சிவப்புத் துணி அட்டைப் பேரேடு.
இடது பக்கம் வரவு: மலை ஒன்று.
வலது பக்கம் பற்று.

நாயக் குஞ்ஞிராமன், ஒற்றப்பாலம். மனைவிக்கு எட்டாவது மாதம்.
லான்ஸ் நாயக் எர்ரய்யா, மதனப்பள்ளி. எனக்கு முப்பது ரூபாய் தரணும், தள்ளுபடி.
சிப்பாய் அடைக்கலம், அரிமளம். பூட்ஸ் சிறிசு என்று இரண்டு தடவை சொன்னான்.

இப்படிப் பதினேழு வரி.
கூட்டுத்தொகை போடவில்லை.

அவர் முதல் தேர்தலுக்கு நின்றபோது
கொப்புடையம்மன் கோயில் பக்கம் கூட்டம்.
நான் சோடாக் கடை ஓரமாக நின்றிருந்தேன்.
"பதினேழு பிள்ளைகளைக் கொடுத்து வாங்கின மலை அது" என்றார்.
குரல் உடைந்தது.
மைக்செட்காரன் என்ன நினைத்தானோ, சத்தத்தைக் குறைத்தான்.
என் ஓட்டு அங்கேயே விழுந்துவிட்டது.

மந்திரியாகி வந்தபோது
"சில உயிர்கள்" என்றார்.
அப்புறம் டெல்லி, கட்சி உடைந்தது, பெரிய துண்டு இவர் பக்கம்,
இந்தி நன்றாக வந்துவிட்டது என்று பேப்பரில் போட்டார்கள்.
போன மாதம் டிவியில்
கீழே தமிழ் எழுத்து ஓடியது:
'ஒரு தோட்டா வீணாகவில்லை. ஓர் ஆள் குறையவில்லை.'
என் சம்சாரம் கைதட்டினாள்.
அவளுக்கு அவரைப் பிடிக்கும். எனக்கும் பிடிக்காது என்றில்லை.

நேற்று சஃபாரி போட்ட இருவர் கடைக்கு வந்தார்கள்.
தலைவரின் எழுபத்தைந்துக்கு மியூசியமாம்.
பெட்டி என்ன விலை?
எட்டாயிரம் என்றேன், பேரம் பேசவில்லை.
அதுவே என்னை என்னவோ செய்தது.
உள்ளே ஏதாவது உண்டா?
கையுறை உண்டு, ஒற்றை.
மேலே பளிச்சென்று புதுசாக எழுதிக்கொள்கிறோம் என்று
வண்டியில் ஏற்றினார்கள்.

பேரேடு கல்லாவுக்குள் கிடக்கிறது,
விலைச்சீட்டு ஒட்டாமல்.
ராத்திரி கடை மூடின பிறகு விரலால் தடவிப் பார்த்தேன்.
பதினெட்டாவது வரி ஒன்றும் இருந்திருக்கிறது,
பிளேடால் சுரண்டியிருக்கிறார்.
நகத்துக்குத் தட்டுப்படுகிறது.
படிக்க வரவில்லை.

அரிமளத்துக்கு எத்தனை மணிக்குப் பஸ் என்று
இன்று இரண்டு பேரிடம் கேட்டேன்.
கேட்டுவிட்டு,
இரண்டு பஸ்ஸையும் விட்டுவிட்டேன்.